வாசகர் கேள்விகள்: சண்டைக்கு நடுவே மருந்தும் பள்ளியும் சுவடியும்

கேள்வி: சண்டை நடக்கும் ஊரில் மின்சாரம் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. சுகாதார நிலையத்துக் குளிர்ப்பெட்டியில் இருக்கும் தடுப்பூசிகளை எல்லாம் கொட்டிவிடத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். கதவையும் திறக்காதீர்கள். "குளிர் இருக்கிறதா?" என்று ஆளாளுக்குத் திறந்து பார்த்தே உள்ளே இருக்கும் குளிரைத் தொலைத்துவிடுவார்கள். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் எல்லாம் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. குப்பியில் ஒட்டியிருக்கும் வெப்பக் குறியீட்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்து, காலாவதித் தேதியும் தாண்டாமல் இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் கறுத்துவிட்டாலோ கூடாது.

சூட்டுக்குப் பயந்து, உறைந்த ஐஸ் பொதிகளை அப்படியே பெட்டியில் திணிப்பது இன்னொரு தவறு. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் வீண். வெப்பக் குறியீடு சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. ஐஸ் பொதியை வெளியே வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருங்கள். அப்புறம் அடுக்குங்கள். சந்தேகப்படும் குப்பிகளில் 'பயன்படுத்தாதே' என்று எழுதி, தனியே எடுத்து வையுங்கள். கரைத்த தட்டம்மைத் தடுப்பூசியைக் குறியீடு எப்படி இருந்தாலும் 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதில் கிருமி வளர்ந்து குழந்தைகளின் உயிரையே பறித்திருக்கிறது.

கேள்வி: 'போர் என்றால் உரிமை எல்லாம் நிறுத்திவைக்கப்படும்' என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி. 1966-இன் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, நெருக்கடி நிலையில் சில உரிமைகளை நிறுத்திவைக்க அனுமதிக்கிறது. நலவாழ்வு (பிரிவு 12), கல்வி (13), பண்பாடு (15) ஆகியவை இருப்பது அதே ஆண்டின் இன்னொரு உடன்படிக்கையில், அதாவது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில். அதில் அப்படி ஒரு பிரிவே இல்லை. இந்த உரிமைகளைப் 'படிப்படியாக' நிறைவேற்றலாம் என்று அதில் இருக்கிறது. அந்தச் சொல்தான் அரசுகள் பிடித்துக்கொள்ளும் சாக்கு. அடிப்படை மருத்துவமும் தொடக்கக் கல்வியும் குறைந்தபட்சக் கடமை என்று அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 1990-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: ஆயுதப் படை பள்ளியின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. மீதி வகுப்பறைகளில் பாடம் நடத்தலாமா?

பதில்: கூடாது. முழுதாகப் பறிபோன பள்ளியைவிட இந்தப் பாதிப் பள்ளிதான் ஆபத்து. படை தங்கினால் எதிர்த்தரப்புக்கு அந்தக் கட்டடம் இராணுவ இலக்காகிவிடலாம். குண்டுக்கு எந்த அறையில் பாடம் நடக்கிறது என்று தெரியாது. வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வருகைப் பதிவேட்டையும் சான்றிதழ் ஏடுகளையும் முதலில் வெளியே எடுங்கள். மேசை நாற்காலி பிறகு வரட்டும். பதிவேடு போனால், படித்ததற்கே அத்தாட்சி இல்லாமல் போகும்.

போரில் பள்ளிகளைக் காக்க 2015-இல் ஓஸ்லோவில் தொடங்கிய பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை 100-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. அது சட்டம் அல்ல. ஆனாலும் உங்கள் நாடு ஏற்றிருந்தால் தளபதியிடம் பேச ஒரு பிடி கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள், ஊர்ப் பெரியவர்களுடன் போங்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை அறை என்று எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் பிள்ளைகள் பெயர் வேண்டாம். படையைப் படம் எடுப்பதும் வேண்டாம்.

அவர்கள் போன மறுநாளே கூட்டிப் பெருக்கப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து முடிக்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மூலையில் கிடக்கும் டப்பாவைக்கூடத் தொடக் கூடாது.

கேள்வி: பழைய கையெழுத்துச் சுவடிகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாமா? நீலக் கேடயச் சின்னம் போட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: போரில் பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கான 1954-இன் ஹேக் உடன்படிக்கையின் சின்னம் அது. கட்டடத்தில் நினைத்தபோது வரைய முடியாது. உரிய அதிகாரி தேதியிட்டுக் கையெழுத்திட்ட அனுமதியும் கூடவே காட்டப்பட வேண்டும். வேண்டுமென்றே அழிக்க வருகிறவனை எந்தச் சின்னமும் தடுக்காது. 2012-இல் மாலி நாட்டின் திம்புக்டுவில் ஆயுதக் குழுவினர் பழைய கல்லறை மாடங்களை இடித்தார்கள். அதற்காக 2016-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒருவருக்கு 9 ஆண்டு சிறை விதித்தது. ஆனால் தண்டனை வந்தது மாடங்கள் இடிந்த பிறகுதான். அதே ஊரின் சுவடிகள் ஏராளமாகத் தப்பியது, பெட்டி பெட்டியாகச் சத்தமில்லாமல் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டுபோனதால்.

ஆனால் பட்டியல் இல்லாமல் ஒரு சுவடிக் கட்டைக்கூட நகர்த்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண், நீள அகலம், ஏடுகளின் எண்ணிக்கை, முதல் வரி, கடைசி வரி, அளவுகோலோடு ஒரு படம். இவற்றின் பிரதிகள் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். திருட்டுச் சந்தையில் தென்பட்டால் 'இது எங்களுடையது' என்று காட்ட அதுதான் சாட்சி. உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும், பெற்றுக்கொள்பவரின் ரசீதும் வேண்டும்.

கட்டும்போது இரு பக்கமும் பலகை வைத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்கு வெளியே எண் மட்டும். உள்ளே என்ன என்று எழுதாதீர்கள். வழியில் நனைந்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம். ஏடு சுருண்டு வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், இடையிடையே மை உறிஞ்சும் தாள் வைத்து உலர்த்துங்கள். 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் காயவைக்க முடியாத காகிதச் சுவடியை உறைகுளிர்ப்பெட்டியில் வைத்தால் பூஞ்சை வளராது. ஆற அமரப் பிறகு உலர்த்தலாம்.