பாயிண்டைக் கழற்றி மின்னணு இக்னிஷன் மாட்டுவோருக்கு: கேள்வி பதில்

கோலாலம்பூரில் பழைய கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறேன். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயிண்டையும் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கண்டென்சரையும் (அந்த முனை கருகாமல் காப்பது) எடுத்துவிட்டு, காந்த வளையமும் உணர்கருவியும் கொண்ட மின்னணுத் தொகுதி மாட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: இன்ஜின் ஓடாதபோது இக்னிஷன் சாவியைத் திறந்தே விடாதீர்கள். தொகுதிகளைக் கொல்வதில் முதலிடம் இந்தப் பழக்கத்துக்குத்தான்.

ஈப்போ, மோரிஸ் மைனர்: இரண்டு வயர்தானே, நானே மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். வாங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அந்தக் கார்களுக்குத் தனித் தொகுதி உண்டு, மற்றது பொருந்தாது. கையேட்டை மட்டும் நம்பாதீர்கள், முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம். இணைப்பை மாற்றிக் கொடுத்தால் தொகுதி அந்த நொடியே போய்விடும்.

கிள்ளான், ஃபோர்டு எஸ்கார்ட்: ஐயா, ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் பற்றிக்கொள்கிறது. சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது. புதுத் தொகுதியே பழுதா?

இல்லை, தம்பி. தொகுதி பட்டினி கிடக்கிறது. உங்கள் காரில் காயிலுக்கு, அதாவது பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருளுக்கு, போகும் வழியில் மின்தடை வயர் ஒன்று வயர்க்கட்டுக்குள் ஒளிந்திருக்கும். வேறு சில கார்களில் அதே வேலையைக் காயில் அருகே உள்ள வெள்ளைப் பீங்கான் கட்டை செய்யும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி தளர்வதால், அந்தத் தடையைத் தவிர்த்துத் தனி வயர் ஒன்று காயிலுக்கு நேரடி மின்சாரம் தருகிறது. சாவியை விட்டதும் மின்சாரம் தடை வழியாக வருகிறது. காயிலின் பாசிட்டிவ் முனையில் ஏழெட்டு வோல்ட்தான் மிஞ்சும். நீங்கள் தொகுதியின் சிவப்பு வயரை அங்கேதான் மாட்டியிருப்பீர்கள்.

சிவப்பு வயரைத் தடைக்கு முன்னாலிருந்து, முழு 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து எடுங்கள். அந்த இடத்தில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். ரேடியோவுக்குப் போகும் முனையில் எடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது செத்துவிடும். அப்போது இன்ஜின் பற்றவே பற்றாது. கறுப்பு வயர் காயிலின் நெகட்டிவ் முனைக்கு. காயிலும் தடையும் இருந்தபடியே இருக்கட்டும்.

தடையைத் தூக்கிவிட்டுப் பழைய காயிலையே வைத்துக்கொள்ளும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் காயில் சுமார் 1.5 ஓம், தடை இன்னொரு 1.5. சேர்ந்தால் 3 ஓம், 4 ஆம்பியர். தடையை எடுத்தால் 8 ஆம்பியர். காயிலும் வேகும், தொகுதியும் வேகும். தடை வேண்டாமென்றால் 3 ஓம் காயில் வாங்குங்கள். வாங்கும்போதே மீட்டரில் அளந்து பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாள் சாட்சி அல்ல.

செலாயாங்: மழையில் என் டாட்சன் 120ஒய் நின்றுவிடுகிறது. மின்னணு மாட்டினால் சரியாகுமா?

ஆகாது. ஈரம் புகுவது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும். முதலில் அவற்றை மாற்றுங்கள்.

தைப்பிங்: பாயிண்ட் கெட்டால் அரத்தால் தேய்த்து வீடு சேரலாம். உங்கள் தொகுதி காராக் மலையில் செத்தால் என்ன செய்வது? நல்ல பொருளைக் கெடுக்கிறீர்கள்.

ஐயா, தொகுதியைச் சாலையோரத்தில் பழுதுபார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் பாயிண்டோடு நிற்கும் கார்களில் பலவற்றைக் கவிழ்ப்பது கண்டென்சர். இப்போது கடையில் கிடைப்பவற்றின் தரம் உங்களுக்கே தெரியும். அதை எந்த அரத்தால் தேய்ப்பீர்கள்? நம் ஊர் ஈரத்தில் சில வாரம் சும்மா நிற்கும் காரின் பாயிண்ட் முகத்தில் படலம் படிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டரில் நிற்பதும் இல்லை.

ஜார்ஜ் டவுன்: தைப்பிங் ஐயா சொல்வதே சரி. அசலாக இருப்பதுதான் பழைய காருக்கு மரியாதை.

காட்சிக்கு மட்டும் நிற்கும் கார் என்றால் பாயிண்டோடு இருக்கட்டும், நான் தொடவே மாட்டேன். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரைக் கடக்கும் கார் நடுவில் நிற்காமல் இருப்பதும் மரியாதைதான். வெளியில் எதையும் வெட்டுவதில்லை. ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கலாம். கழற்றிய பாயிண்டையும் வேலை செய்துகொண்டிருந்த அந்தக் கண்டென்சரையும் தகட்டோடு டிக்கியில் வையுங்கள். இருவருக்கும் நான் சொல்லக்கூடியது அதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ், எம்ஜிபி: ரிலே போட்டுக் காயிலுக்குப் புது வயர் இழுத்தேன். ஆர்பிஎம் முள் எழவே இல்லை.

பழைய ஸ்மித்ஸ் ஆர்பிஎம் மீட்டர்களில் ஒரு வகை, காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தையே எண்ணுகிறது. அந்த வயர் மீட்டர் வழியாகச் சுற்றிப் போகும். நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து (மின்சாரம் வெளியே வரும் முனை) வரும் வயரை மீட்டர் சுற்று வழியாகக் காயிலுக்குக் கொண்டுபோங்கள்.

காஜாங்: நின்ற காரில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். தொகுதி கருகிவிட்டது. மட்டமான சரக்கா?

முதல் பத்தியில் என்ன சொன்னேன்? இன்ஜின் நின்ற இடத்தைப் பொறுத்து, தொகுதி காயிலுக்கு மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சில புதிய மாதிரிகள் தாமே துண்டித்துக்கொள்ளும். உங்களுடையது அந்த வகை அல்ல. ரேடியோவுக்குத் தனி மின்வழி கொடுங்கள்.

சுங்கை பட்டாணி: பெட்ரோல் வாடை வருகிறது, காரணம் என்ன?

கார்புரேட்டர் பார்ப்பவரிடம் காட்டுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.

பாயான் லெப்பாஸ்: எல்லாம் மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் சில நேரம் துள்ளுகிறது.

டைமிங் விளக்கால் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, புதிதாக வைத்தீர்களா? பாயிண்டுக்கு வைத்தது இதற்குச் செல்லாது. அடுத்து, செம்புக் கம்பி பிளக் வயர் இருந்தால் அதன் இரைச்சல் தொகுதியைக் குழப்பும். தடையுள்ள வயர் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தகட்டை உடலோடு இணைக்கும் சின்ன எர்த் வயரைப் பாருங்கள். இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சுவிசை) தகட்டை இழுக்கும்போதெல்லாம் அந்த வயர் வளைகிறது, உறைக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே தெரியாது. மீட்டரை வைத்துக்கொண்டு தகட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

ரவாங்: சாவியைத் திறந்து வைத்துத்தான் வோல்ட் அளக்க வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு நேரம் வைக்கலாம்?

அளக்கும் நேரம் மட்டும். அளந்ததும் சாவியை எடுத்துப் பையில் போடுங்கள்.