கண்மாய்க் குமிழிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் எருமைகள் இறங்கினாலே சேற்றிலிருந்து குமிழிகள் கொப்பளித்து வருகின்றன. அது பூமியைச் சூடாக்கும் வாயு என்று என் மாணவி சொன்னாள். அப்படியானால் கண்மாய்களே கெடுதலா?
– ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: மாணவி சொன்னது சரி. என் பாராட்டை அவளிடம் சொல்லுங்கள். குமிழிக்குள் இருப்பதில் பெரும்பங்கு மீத்தேன். 1776 நவம்பரில் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் வோல்டா என்ற அறிவியலாளர் சேற்றைக் கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்தார். அந்த வாயு தீப்பட்டதும் எரிந்தது. உங்கள் எருமைகள் செய்வதும் அதே கிளறல்தான்.

நான் பல ஆண்டுகளாக இதை அளந்து வருகிறேன். தண்ணீர்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மிதக்கவிடுவோம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்றை ஊசியால் உறிஞ்சிக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவோம். மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாயில், கலுங்கை ஒட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. வாளியில் சேர்ந்த மீத்தேன் சொற்பம். ஊர்ச் சாக்கடை வந்து விழும் மூலைக்குப் பரிசலைத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே குமிழிகள் வாளியின் அடியில் மோதும் சத்தம் காதில் விழுந்தது. ஒரே கண்மாய், ஒரே காலைப்பொழுது. அந்தச் சத்தத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வேறுபாட்டுக்குக் காரணம், உரமூட்டையில் நாம் படிக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). வயலிலிருந்து வடியும் நீரிலும், கழிவுநீரிலும், சோப்புத் தூளிலும் அவை வருகின்றன. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவில் திரைகட்டிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் மட்டும் இட்டார்கள். மறுபாதியில் மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதி பச்சைக் குழம்பாயிற்று. அந்தப் பச்சைதான் பாசி. செத்துத் தரையில் படியும் பாசி, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மட்கும்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. ஆழமான ஏரியில் மேலே வரும் வழியிலேயே மீத்தேனை உண்ணும் வேறு நுண்ணுயிர்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நம் கண்மாய்களோ ஆழம் குறைந்தவை, வெயிலில் சூடானவை. குமிழி நொடியில் வெளியே வந்துவிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். மிஞ்சிய தழைச்சத்திலிருந்து உருவாகும் நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கு.

இதைக் காரணம் காட்டிக் கண்மாயைத் தூர்த்துவிடலாம் என்று யாராவது பேசினால் தயவுசெய்து விடாதீர்கள். கிணறு ஊறுவதும், ஆடுமாடு குடிப்பதும், மடை திறந்து வயல் நனைவதும் கண்மாயால்தான். அதற்கு நாம் போட்ட தீனிதான் அதைக் குமிழிவிட வைக்கிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் என் தந்தை மாட்டுவண்டியில் கரம்பை, அதாவது அடியில் படிந்த வண்டல் மண்ணை, அள்ளி வந்து புஞ்சையில் கொட்டுவார். அடியில் தங்கிய சத்து வயலுக்கே திரும்பிப் போனது. வண்டிகள் நின்றபின் சேறு மேடேறியது. சாக்கடையை அடைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் இதுவே காரணம்: ஆக்சிஜன் இல்லாத பழைய சேறு, சேர்த்துவைத்த மணிச்சத்தைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சாக்கடையை அடைப்பது, சேற்றை அள்ளுவது இரண்டும் வேண்டும். ஆனால் சாயக்கழிவோ ஆலைக்கழிவோ கலந்த கண்மாயின் மண்ணைப் பரிசோதிக்காமல் வயலில் போடாதீர்கள்.

கேள்வி: நெல் வயலும் மீத்தேன் விடுமாமே? பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் செய்கிற நாங்கள் என்ன செய்வது?
– ஒரு விவசாயி, வாடிப்பட்டி

பதில்: விடும். எப்போதும் நீர் கட்டியிருக்கும் வயல், சேற்றைப் பொறுத்தவரை ஒரு சிறிய கண்மாய்தான். உங்கள் பாட்டனார் சொல்லியிருப்பாரே, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று! மண் மயிரிழையாய் வெடிக்கத் தொடங்கும்போது மறுபடி பாய்ச்சினால், இடையில் சேற்றுக்குள் காற்றுப் புகுந்து மீத்தேன் வெகுவாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள். யூரியாவை அளவோடு பிரித்து இடுங்கள். அள்ளிக் கொட்டினால் காய்ச்சலின்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடும்.

கேள்வி: ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவித்திருக்கிறோம். இனிக் கண்மாய் சுத்தமாகிவிடுமா?
– இளைஞர் குழு ஒன்று, திருமங்கலம்

பதில்: மழைக்கு முன் அந்தக் குவியலை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீரிலிருந்த சத்தையெல்லாம் அந்தச் செடி உறிஞ்சி வைத்திருக்கிறது. கரையிலேயே அழுகினால் முதல் மழையில் அத்தனையும் கண்மாய்க்குள் இறங்கிவிடும். சாணத்தோடு கலந்து, கரைக்கு வெளியே எருக்குழியில் போடுங்கள். வரத்துக் கால்வாயில் எந்த வீட்டுக் குழாய் வந்து சேர்கிறது என்று நடந்துபோய்ப் பார்த்து எனக்கு எழுதுங்கள், வாளியோடு வருகிறேன்.