மனநோயோடு வாழ்பவருக்கு மாத்திரை தவிர என்ன வேண்டும்? – கேள்வி பதில்

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது பற்றி இங்கே சொல்ல மாட்டேன். அது உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியது. மற்ற எதையும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மகனுக்கு 27 வயது. நான்கு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் பகல் பதினொரு மணிவரை படுக்கை. குளி என்றால்தான் குளிக்கிறான். "தின்று கொழுத்த சோம்பேறி" என்று அவன் அப்பா திட்டுகிறார். இது நோயா, சோம்பலா?

நோய்தான் அம்மா. இந்த நோயில் தொல்லைகள் இரண்டு வகை. குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது என்று இல்லாதவை வந்து சேர்வது ஒன்று. ஆர்வம், முனைப்பு, பேச்சு, முகத்தில் சிரிப்பு என்று இருந்தவை வற்றிப்போவது மற்றொன்று. மாத்திரைகள் முதல் வகையை நன்றாக அடக்குகின்றன. இரண்டாவதில் அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வீட்டார் கைகொடுக்க வேண்டிய இடம் அது.

அதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். காலைத் தூக்கம் மாத்திரையால் வருகிறதா? கூடவே மனச்சோர்வும் இருக்கிறதா? இரண்டுக்கும் வழி உண்டு.

பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒன்றே ஒன்று போதும். ஆனால் அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று நிற்க வேண்டும், அப்படிப்பட்ட வேலை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இட்லி மாவு அரைப்பதை மகனிடம் விட்டார்கள். ஆரம்பத்தில் உப்புப் போட மறந்தான். யாரும் வாய் திறக்கவில்லை. சட்னியில் உப்பைச் சற்றுக் கூட்டிக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலத்தில், குளிரில் மாவு புளிக்க நேரமாகும் என்று அவனாகவே முன்கூட்டி அரிசியை ஊறப்போட்டான். நாளையைப் பற்றி யோசிக்கும் திறன் திரும்பிவிட்டது என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டது: ஓயாத குறைகூறலும் வெறுப்பும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் அதிகமாக வந்தது. அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வீடுகளிலும் அதே கதைதான். எனவே திட்டுவது அப்பாவின் உரிமை, கண்டிப்பு என்றெல்லாம் சமாதானம் சொல்ல முடியாது. அது நோய்க்கு உரம்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், "எனக்கு என்னவோ போல் இருக்கிறது அம்மா" என்றாவது அவன் சொன்னதுண்டா என்று எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள்.

தம்பி மாத்திரை வேண்டாம் என்கிறான். பொடி செய்து சாம்பாரில் கலந்து கொடுக்கிறோம். தவறா?

தவறு. உங்கள் தவிப்பு புரிகிறது. இதைச் செய்யாத வீடுகள்தான் குறைவு. ஆனால் என்றாவது ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவான். "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். அதை நீங்களே உண்மையாக்கிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் வீட்டில் சாப்பிடுவானா? சில மாத்திரைகளுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். தெரியாமல் விழுங்குபவருக்கு அதை எப்படிச் செய்வீர்கள்?

ஏன் வேண்டாம் என்கிறான் என்பதை விசாரியுங்கள். நான் கேட்ட காரணங்கள்: உடம்பு ஊதிவிட்டது, கை நடுங்குகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, மந்தமாக இருக்கிறது. இளைஞர்கள் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு: தாம்பத்திய ஆசையும் திறனும் குறைவது. அக்கா முன்னால் அதை எந்தத் தம்பியும் சொல்ல மாட்டான். மருத்துவரைத் தனியாகப் பார்க்க விடுங்கள். பல நேரம் மருந்தை மாற்றினாலே சண்டை தீர்ந்துவிடும். தினமும் விழுங்குவதுதான் தொல்லை என்றால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றையும் அவனிடம் சொல்லித்தான் போட வேண்டும்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

உறவினர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். நோய்க்குக் கல்யாணம் மருந்தில்லை.

மனநோய் உள்ளவர் திருமணமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் கட்டுக்குள் இருந்து, அவரே விரும்பி, எதிர்த் தரப்புக்கு எல்லாம் தெரிந்து நடந்த திருமணங்கள் நன்றாகவே நிலைத்திருக்கின்றன. மறைத்துச் செய்வதுதான் வினை. புது இடத்தில் மாத்திரையை ஒளித்து வைத்து, பிறகு நிறுத்தி, சில மாதங்களில் நோய் திரும்பும். மோசடி என்று வழக்கும் வரலாம்.

பெண்கள் என்றால் பாடு இன்னும் கொடுமை. சென்னையில் மனச்சிதைவு நோய் பற்றி ஆராயும் ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் ஆர். தாராவும் அவருடன் பணியாற்றியவர்களும் மனச்சிதைவு நோயோடு மணமுறிவையும் சந்தித்த பெண்களிடம் பேசி 2003இல் ஆய்வு வெளியிட்டார்கள். நோயின் பெயரால் வரும் இழிவைவிட, கணவன் விட்டுவிட்டான் என்ற இழிவே அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் அதிகம் வாட்டியது என்பது அதில் ஒரு முடிவு. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வேண்டும் என்று யார் கேட்டது? அவரா, உறவினர்களா?

எனக்கு இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்). அரசு வேலை. அலுவலகத்தில் சொல்லலாமா?

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சலுகை தேவைப்படும்போது, அதைத் தரும் இடத்தில் இருப்பவரிடம், தேவையான அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். "தூக்கம் கெட்டால் எனக்கு உடல்நிலை பாதிக்கும், இரவுப் பணி வேண்டாம் என்று மருத்துவர் சான்று தந்திருக்கிறார்" என்றால் போதும். இந்த நோயில் தூக்கம் கெடுவதுதான் முதல் மணியோசை.

உங்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20: பணியில் இருக்கும்போது இயலாமை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. செய்துவந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே யாரிடம் சொல்கிறோம் என்று ஆள் பார்த்துத்தான் பேச வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் "பைத்தியம்" என்று முத்திரை குத்திவிடுவார்களா?

சான்றிதழை நெற்றியில் ஒட்டிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. தேவைப்பட்டால் காட்டுவீர்கள், இல்லையென்றால் பீரோவில் கிடக்கும்.

மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு துறைகளுக்கு மதிப்பெண் உண்டு. எத்தனை ஆண்டு நோய் என்பதும் சேரும். 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்குத் தகுதி. மத்திய அரசு வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் மனநோயையும் உள்ளடக்கிய பிரிவுகளுக்கு 1 சதவீதம் உண்டு.

பல குடும்பங்கள் மதிப்பீட்டு நாளன்று மகனைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, "நன்றாகத்தான் இருக்கிறான் சார்" என்று கூச்சத்தோடு சொல்லிவிடுகின்றன. மதிப்பெண் குறைந்துவிடும். வழக்கமான ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அப்படியே சொல்லுங்கள். அவரையும் சொல்ல விடுங்கள்.

மாமியார் கோயிலில் 48 நாள் தங்க வைக்க வேண்டும் என்கிறார்.

போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். நம்பிக்கை ஆறுதல் தரும் என்றால் அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லும் இடம் வேண்டாம். சங்கிலி இருக்கும் இடம் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்கு அழைத்து வரும் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது. அந்த ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது.

மருத்துவக் காப்பீட்டில் மனநோய் வருமா?

வர வேண்டும். உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் என்று 2017 சட்டத்தின் பிரிவு 21 சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. மகளுக்கு மனச்சிதைவு. எங்களுக்குப் பிறகு அவளை யார் பார்ப்பார்கள்? இரவில் தூக்கம் வருவதில்லை.

ஐயா, எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். ஒரே பதில் இல்லை. சில வேலைகள் இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சட்டப்படியான காப்பாளர் நியமனம் என்று பலர் சொல்லும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே. மனநோய் அதில் இல்லை. இது தெரியாமல் அலைந்து திரும்பியவர்கள் ஏராளம். 2017 சட்டப்படி உங்கள் மகள் தன் நியமனப் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுத்து எழுதிவைக்கலாம். அந்தப் பிரதிநிதிக்குச் சிகிச்சை தொடர்பான பங்கு உண்டு, சொத்தில் கிடையாது. சொத்துக்கு உயிலோ தனியார் அறக்கட்டளையோ வேண்டும். நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

நீங்கள் அரசு ஓய்வூதியம் பெறுபவரா? சம்பாதிக்க இயலாத நிலையில் இருக்கும் மனநோயுள்ள பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே அவள் பெயரைப் பதிவு செய்யுங்கள். பெற்றோர் போன பிறகு சித்தப்பா மகன் போய் அலுவலகத்தில் நிற்பது நடக்காத காரியம்.

இனி அவள் கற்க வேண்டியவை. ஏடிஎம்மில் பணம் எடுப்பது, மின்கட்டணம், சிலிண்டர் பதிவு, மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பது. மருத்துவமனைக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் வருவது. நீங்கள் ஓரிரு நாள் வெளியூர் போய், பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டு அவளைத் தனியாக இருக்க விட்டுப் பாருங்கள். உங்களுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும், அவளுக்கு இருக்காது.

கடைசி வழியாக இல்லம் தேடுகிறார்கள். அதிலும் வகை உண்டு. பூட்டிய கதவும் வரிசைக் கட்டிலும் ஒரு வகை. நாலைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில், உதவியாளர் துணையோடு சமைத்துச் சாப்பிட்டு வாழ்வது இன்னொரு வகை. 1993இல் சென்னையில் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு இதை நடத்திக் காட்டியிருக்கிறது. குடும்பம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. எந்த இல்லத்தைப் பார்க்கப் போனாலும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாழப்போவது அவள்.

கணவருக்கு நோய். பன்னிரண்டு வருடமாக நான்தான் எல்லாம். எனக்கு யாரும் இல்லை.

14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது. மாதத்தில் ஒரு நாள் மைத்துனரோ நாத்தனாரோ வந்து பார்த்துக்கொள்ளட்டும். 'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள்; 'இரண்டாவது ஞாயிறு காலை முதல் மாலை வரை' என்று கேளுங்கள். கை ஓங்கினால் குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள். அது கைவிடுவது ஆகாது.

நானே நோயாளி. 34 வயது. கோபப்பட்டாலும், சிரித்தாலும், கொஞ்சம் அதிகம் பேசினாலும் வீட்டில் "மாத்திரை போட்டாயா?" என்கிறார்கள். நண்பர்கள் விலகிவிட்டார்கள். என்ன செய்வது?

நீங்கள் எழுதியதற்கு நன்றி. இத்தனை கேள்விகளில், தன் நோயைப் பற்றித் தானே கேட்டவர்கள் நீங்களும் அந்த அலுவலக நண்பரும்தான்.

வீட்டாரோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை மட்டும் அந்தக் கேள்வி. மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும்; திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், கேட்க வேண்டியதே இல்லை. பதிலுக்கு நீங்கள் ஒன்று தர வேண்டும். நோய் திரும்பும்போது உங்களிடம் முதலில் தெரியும் மூன்று அறிகுறிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். தூக்கம் குறைவதா, செல்போனை அணைத்து வைப்பதா, குளிக்காமல் விடுவதா, அது உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தாளில் இல்லாத எதையும் நோய் என்று சொல்லக்கூடாது. கோபம் அதில் இல்லையென்றால் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

நோய் முற்றினால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அவசர நிலையில் தரும் முதல் சிகிச்சையை அது கட்டுப்படுத்தாது, மற்றபடி செல்லும்.

நண்பர்கள் விஷயத்தில் பழையவர்களைத் துரத்த வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருங்கள்: நூலகம், கேரம் போர்டு உள்ள மன்றம், காலை நடைப்பயிற்சித் திடல். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களில்தான் பேச்சு தானாக வரும். நோயைப் பற்றி முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குக் கேரம் ஆட வருமா, இல்லை வேறு ஏதாவது பிடிக்குமா என்று எழுதுங்கள். எந்த ஊர் என்பதையும் தனியாக அனுப்பினால், அருகில் நோயாளிகளே கூடிப் பேசும் குழு இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.