தசமபாகம்: சி.டி.சி.யிலா, கைக்கு வருவதிலா? – கடிதம்

அன்பான ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். கைக்கு வருவது அவருக்கு 92,000, எனக்கு 48,000. வீட்டுக் கடன் தவணை 46,000. மாதம் 14,000 ரூபாயைத் தசமபாகமாக (வரவில் பத்தில் ஒன்று காணிக்கையாக) எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். யூடியூபில் ஒரு ஊழியரின் செய்தியைக் கேட்டதிலிருந்து என் கணவர், "பிடித்தம் போக வருவதில் கொடுப்பது தேவனை வஞ்சிப்பது. சி.டி.சி.யில்தான், அதாவது கம்பெனி நமக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகையில்தான், பத்தில் ஒன்று" என்கிறார். வருஷத்துக்கு அவருடைய சி.டி.சி. 15 லட்சம், என்னுடையது 7,20,000. அந்தக் கணக்கில் மாதம் 18,500. ஏழு மாதமாக அதைத்தான் கொடுக்கிறோம், பெரும்பகுதி அந்த ஊழியத்துக்கே. ஊரில் இருக்கும் அத்தைக்கு (என் மாமியாருக்கு) அனுப்பும் 10,000-ஐ 7,000 ஆக்கிவிட்டோம். கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி நிற்கிறது. போன வாரம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மகளுடைய ஸ்கூல் ஃபீஸுக்கு 3,000 கேட்டார். இந்த மாதம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 14,000-க்கே திரும்பலாம் என்றால், தசமபாகத்தில் வஞ்சிக்கிறவர்களுக்கு வேதத்தில் மல்கியா சொன்ன சாபம் வருமோ என்று பயமாக இருக்கிறது. எது சரி? பெயர் போட வேண்டாம்.

---

அன்பான சகோதரி,

ஸ்தோத்திரம். முதலில் அந்தப் பயம். மல்கியா 3:9-ஐ மட்டும் தனியே எடுத்து வாசித்தால் யாருக்கும் பயம் வரும். அதை நெகேமியா 13-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். ஏறக்குறைய அதே காலத்து நிலவரம் அங்கே தெரியும். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைக்கிற பெரிய அறை ஒன்று ஆலயத்தில் இருந்தது. அதை ஆசாரியன் ஒருவன் தன் உறவுக்காரனாகிய தொபியாவுக்குத் தங்கக் கொடுத்துவிட்டான். ஆலய வேலை செய்கிற, கோத்திரப் பங்காக நிலம் கிடைக்காத லேவியருக்கு வரவேண்டிய பங்கும் வரவில்லை. அவர்கள் ஆலய வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்று மல்கியா சொல்வதன் பின்னணி இதுதான். நிலப் பங்கு இல்லாதவர்களின் சாப்பாடு நின்றுபோனது. அதே அதிகாரத்தில் நாலு வசனம் முன்னால், மல்கியா 3:5-இல், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் பேசுகிறார். 3:9-ஐ வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் 3:5-ஐயும் சேர்த்து வாசித்தே ஆகவேண்டும்.

சாபத்தைப் பொறுத்தவரை கலாத்தியர் 3:13 தெளிவாக இருக்கிறது: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார். ஞாயிறுதோறும் அதை அறிக்கை செய்துவிட்டு, திங்கட்கிழமை சாபத்துக்குப் பயந்து பணம் அனுப்புவது அந்த மீட்பைக் குறைத்து மதிப்பதாகும். 14,000-க்குத் திரும்புவதால் உங்கள் வீட்டுக்கு ஒரு சாபமும் வராது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இனி சி.டி.சி. கணக்கு. நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் நிலத்தின் தானியத்திலும் மரங்களின் கனியிலும் ஆடுமாடுகளிலும் எடுக்கப்பட்டது (லேவியராகமம் 27:30-32). எல்லாமே கையில் வந்து சேர்ந்த பொருள். நம் ஊரில் களத்தில் பொலி அளப்பதை நினைத்துப் பாருங்கள். களத்துக்கு வந்த நெல்லைத்தான் மரக்காலில் அளப்பார்கள். வயலில் விளைந்திருக்கக்கூடிய நெல்லை யாரும் அளப்பதில்லை. சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., இன்ஷூரன்ஸ் பிரீமியம், வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலும் வரும் குறைந்தாலும் குறையும் வேரியபிள் பே, கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடிக்காமல் வேலை மாறினால் பொதுவாக அந்தக் கிராஜுவிட்டி கைக்கே வராது. வராத பணத்தில் பத்தில் ஒன்று எப்படி எடுப்பது? பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது "தன்தன் வரவுக்குத் தக்கதாக" எடுத்துவைக்கச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16:2). வரவு என்ற சொல் நம் தமிழில் எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது பாருங்கள்.

வேரியபிள் பே வரும் மாதம் வரட்டும், அன்று அதில் பத்தில் ஒன்று எடுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீத பி.எஃப்.-ஐ இப்போதே கணக்கில் சேர்க்கலாம், அல்லது அந்தப் பணம் கைக்கு வரும்போது சேர்க்கலாம். இரண்டும் நேர்மையான வழிதான். ஒன்றை முடிவுசெய்து நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள், மாதாமாதம் மனசாட்சியோடு வழக்காட வேண்டியதில்லை. ஆனால் மறுபக்கமும் கவனம் வேண்டும். நீங்களாக விரும்பி அதிகமாகப் பிடிக்கச் சொன்ன பி.எஃப்., நிறுவனத்தில் வாங்கிய கடனுக்குப் பிடிக்கும் தொகை போன்றவை கையில் வந்து செலவான பணம்தான். வீட்டுத் தவணையும் அப்படியே. தவணை போக மிச்சத்தில் கொடுக்கிறேன் என்று இறங்கினால், அடுத்து ஸ்கூல் ஃபீஸ் போக, பெட்ரோல் போக என்று போய், கடைசியில் கொடுப்பதற்கு ஒன்றும் நிற்காது. பெங்களூரில் சம்பளம் கூடக் கூடக் காணிக்கை குறைகிற குடும்பங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. 18,500-க்கும் 14,000-க்கும் வித்தியாசம் 4,500. ஏழு மாதத்துக்கு 31,500. அத்தைக்கு மாதம் 3,000 குறைத்தீர்கள், ஏழு மாதத்துக்கு 21,000. மிச்சம் 10,500, அந்தக் கார்டு பாக்கிக்குள் எங்கேயோ இருக்கிறது. அதாவது கூடுதலாகப் போன காணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கை அத்தை கொடுத்திருக்கிறார்கள், ஒரு பங்கைப் பேங்க் கொடுத்திருக்கிறது. இதைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. பக்தியோடுதான் செய்தீர்கள். ஆனால் இந்தக் கணக்கை உங்கள் கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்கு 7-இல் இயேசு பேசிய "கொர்பான்" இதுதான். தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் காணிக்கை என்று பெயர் சொல்லிவிட்டால், அதற்குமேல் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று அன்று போதித்தார்கள். தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. சிலர் இதற்கு நேர்மாறாக, ஊருக்கு அனுப்பும் பணத்தையே தசமபாகத்தில் சேர்த்துவிடுவார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. பெற்றோரை விசாரிப்பது வீட்டுக் கடமை, 1 தீமோத்தேயு 5:8 அதை விசுவாசத்தோடேயே இணைக்கிறது. வாடகை, அரிசி, மருந்து இருக்கும் பக்கத்தில் அத்தையின் 10,000-ஐ எழுதுங்கள். காணிக்கை வேறு பக்கம்.

கார்டு பாக்கி அவசரமானது. பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் வட்டி. 40,000-க்கு 1,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252. மாதம் 1,652 வட்டிக்கே போகிறது. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே ஏறும். அத்தையின் 3,000-ஐத் திருப்பிக் கொடுத்தபின் உங்களிடம் மிஞ்சும் 1,500 அந்த வட்டிக்கே போதாது. அதனால் பேங்கில் பேசி, மொத்தப் பாக்கியையும் 12 மாதத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். வட்டி வருஷத்துக்கு 16 முதல் 18 சதவீதம் வரை இருந்தால் மாதம் ஏறக்குறைய 3,700 வரும், மாற்றுவதற்கு ஒரு கட்டணமும் கேட்பார்கள். அது முடியும்வரை அந்தக் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காணிக்கையைக் கார்டில் செலுத்துவதை இன்றே நிறுத்துங்கள். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்பது 2 கொரிந்தியர் 8:12.

எடுத்துவைக்கும் முறைக்கு நம் ஊர்ப் பெண்கள் வைத்திருந்த பிடி அரிசி நல்ல பாடம். உலைக்கு அரிசி அளந்து சுளகில் கொட்டியதும், கழுவுவதற்கு முன்னே, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். பானையில் மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. வீட்டார் சாப்பிட அளந்த அரிசியிலிருந்தே போகும், அன்றைய சோறு ஒரு பிடி குறையும். பிடிக்கு 35 கிராம் என்றாலும் இரண்டு வேளைச் சமையலில் வாரத்துக்கு அரைக் கிலோ சேரும், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மிசோரம் சபைகளில் இதே வழக்கம் இன்றும் பெரிய அளவில் நடக்கிறது. சம்பளத்துக்கு இதைச் செய்வது எளிது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பளம் ஏறும் நாளுக்கு மறுநாளே 14,000 தானாக அங்கே போகும்படி பேங்கில் ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கணக்குக்கு ஜிபே வேண்டாம், டெபிட் கார்டும் வேண்டாம். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வீடுகளில்தான் மூன்று மாதப் பாக்கி, பிறகு குற்ற உணர்வு, பிறகு ஒரேயடியாகக் கடன் வாங்கிக் கொடுப்பது என்று போகிறது.

எங்கே கொடுப்பது? "உங்களைப் போஷிக்கிற இடத்துக்குக் கொடுங்கள்" என்று திரையில் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், ஆஸ்பத்திரியில் படுத்தால் வந்து ஜெபிப்பதும், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அடக்க ஆராதனை நடத்துவதும் உங்கள் சபைதான். அந்தக் குருவானவரின் சம்பளம், கோயில்குட்டியாரின் (கோயில் பணியாளரின்) சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அங்கத்தினர் காணிக்கையிலிருந்துதான் வரவேண்டும். என் யோசனை: 6,000 உங்கள் சபைக்கு, சந்தா பாக்கி இருந்தால் முதலில் அது. 4,000 நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒன்றிரண்டு ஊழியங்களுக்கு. 4,000 அந்தக் கணக்கிலேயே நிற்கட்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஊழியத்துக்கு அனுப்பும்முன் ஒன்று பாருங்கள். க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்ததும், தொகை போடும் முன், கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் வரும். அங்கே டிரஸ்ட் பெயருக்குப் பதிலாக ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ரசீது கேளுங்கள், தணிக்கை செய்த வருடக் கணக்கு கேளுங்கள். கேட்பது அவிசுவாசமாகாது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றம் சாட்டாதபடி பவுல் மற்ற சகோதரரையும் கூடச் சேர்த்தார் (2 கொரிந்தியர் 8:19-21). உங்கள் சபையிலும் வருடப் பொதுக்கூட்டத்தில் இதையே கேளுங்கள். வரிச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். புதிய வரி முறையில் இப்படிப்பட்ட நன்கொடைக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, ஒரு மதத்தாருக்கு மட்டுமான ஸ்தாபனங்களுக்கும் பொதுவாக இல்லை.

நிறுத்தி வைக்கச் சொன்ன 4,000-க்கு வருகிறேன். உபாகமம் 14:28-29-இல் மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை வாசல்களில் வைக்கச் சொல்லியிருக்கிறது. லேவியனோடு "உன் வாசல்களில் இருக்கிற" பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். தர்மபுரியிலிருந்தோ கலபுர்கியிலிருந்தோ பிழைக்க வந்து, உங்கள் வாசலில் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் அக்கா அந்த வசனத்துக்குள் இருக்கிறார். அவர் கேட்டபோது தசமபாகம் கட்டவேண்டும் என்பதால் முடியாது என்றீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு முதலிலிருந்தே அவரைப் போன்றவர்களுக்கு உரியது. ராத்திரி தூக்கம் வராமல் போனதே, உங்கள் மனசாட்சி சரியாக வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கணவரோடு வாதாட வேண்டாம். மத்தேயு 23:23-ஐச் சேர்ந்து வாசியுங்கள். ஒற்தலாமிலும் (புதினாவிலும்) வெந்தயத்திலும் சீரகத்திலும் துல்லியமாகப் பத்தில் ஒன்று எடுத்தவர்களைப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார் இயேசு. தசமபாகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதையும் விடாதிருக்கவேண்டும் என்கிறார். கடன் தீர்ந்தபின் உங்கள் கணவர் மனப்பூர்வமாக 18,500 கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கட்டும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9:7 கேட்பது மட்டும் அதில் இருக்கவேண்டும்.

அக்காவிடம் நாளைக்கே பேசுங்கள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன என்று கேட்டு, அதற்கு முன்னே 3,000-ஐக் கையில் கொடுங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக இருந்தால் அது கடன், அப்படி வேண்டாம். திருப்பித் தரவேண்டியதில்லை என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மாதக் கடைசிவரை அவர் மனதில் அது கிடந்து அறுக்கும். கூடவே கைப்பிரதி கொடுப்பதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாருங்கள் என்று சொல்வதும் அன்றைக்கு வேண்டாம். அந்த மாதச் சம்பளத்தை வழக்கமான தேதியில் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்வது அதற்கும் பொருந்தும்.