கோவையில் இரவு நிம்மதியாகத் தூங்க எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம்?

கேள்வி: வயதான அப்பா அம்மாவோடு மூன்று நாள் கோயம்புத்தூர் வருகிறோம். ஒரு நாள் மருதமலையும் பேரூரும், ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் கடைவீதி. ராத்திரி சத்தமில்லாமல் இருக்க வேண்டும். காந்திபுரத்தில் லாட்ஜ் எடுக்கலாமா?

காந்திபுரம் வேண்டாங்க. வாடகை குறைவு, நடுராத்திரி இறங்கினாலும் அறை கிடைக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஒரு ராத்திரி படுத்து எழுந்து போகிறவர்களுக்கு அது போதும். ஆனால் மத்திய பேருந்து நிலையம், டவுன் பஸ் ஸ்டாண்ட், ஆம்னி பஸ் ஸ்டாண்ட் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆம்னி பஸ்கள் இரவு 11 மணி வரைக்கும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். வெளியூரிலிருந்து வருபவை விடிகாலை 5 மணிக்கே வந்து ஆள் இறக்கும். நடுவில் கிடைப்பதுதான் தூக்கம்.

உங்கள் திட்டத்துக்கு ஊரின் மேற்குப் பக்கம்தான் தோது. ஆர்.எஸ். புரம் அல்லது சாய்பாபா காலனி. மருதமலைக்கு லாலி ரோடு, வடவள்ளி வழியாகப் போய்விடலாம். பேரூருக்குச் செல்வபுரம் வழி. ஊட்டி பஸ்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் பஸ் ஸ்டாண்டில் இருந்து கிளம்புகின்றன. சாய்பாபா காலனியில் தங்கினால் அது கூப்பிடு தூரம். காந்திபுரத்தில் அறை போட்டுவிட்டு விடிகாலையில் மூட்டை முடிச்சோடு அங்கே ஓடுகிறவர்கள் நிறைய.

ஆனால் ஏரியா பெயரை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். கோவையில் அமைதி என்பது மெயின் ரோட்டிலிருந்து எத்தனையாவது தெரு என்பதைப் பொறுத்தது. ஆர்.எஸ். புரம் என்று பெயர் போட்ட விடுதி டி.பி. ரோட்டின் மேலேயே இருந்தால் இரவு 10 மணி வரை கடைக்கூட்டமும் ஹாரனும்தான். அதே ரோட்டிலிருந்து மேற்கே இரண்டு தெரு தள்ளிப் போனால் மரமும் பழைய வீடுகளுமாக ஆள் அரவம் குறைந்துவிடும். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கமாக வரும் பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் ஓரத்தைத் தவிர்க்கவும். அங்கே லாரியும் வேனும் வந்து சேர்வது விடிவதற்கு முன்பே. சாய்பாபா காலனியிலும் இதே கதைதான்: என்.எஸ்.ஆர். ரோட்டின் மேல் வேண்டாம், பாரதி பார்க் பக்கத்துக் குறுக்குத் தெருக்கள் சரி.

வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் ரேஸ்கோர்ஸ். சுற்றுப் பாதை சுமார் 2.5 கிலோமீட்டர், பெரியவர்கள் காலையில் நடக்க இதைவிட நல்ல இடம் ஊருக்குள் கிடையாது. சாயந்திரத்தில் சாப்பாட்டுக் கடைகளும் இளவட்டங்களும் கூடுவார்கள், பிறகு அடங்கிவிடும். திருச்சி ரோட்டைப் பார்த்த கட்டடமாக இல்லாமல் இருந்தால் போதும்.

வடவள்ளி மலைக்காற்றுக்கு அருமை, ஆனால் கடைவீதிக்கு ஒவ்வொரு தடவையும் பத்து கிலோமீட்டர் வர வேண்டும். விடியலில் மயில் அகவும். அதைச் சத்தமாகக் கணக்கில் சேர்ப்பதா என்பது உங்கள் இஷ்டம். மருதமலை அடிவாரத்தை ஒட்டித் தங்கினால் இருட்டிய பிறகு நடை வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு. தைப்பூச நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அவினாசி ரோட்டுப் பக்கம் ஏர்போர்ட்டுக்கும் மருத்துவமனைகளுக்கும் வருகிறவர்களுக்கு ஏற்றது. அங்கிருக்கும் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் அங்கே வாடகை ஏறும். ஜூலையில் விவசாயக் கண்காட்சி, புத்தகத் திருவிழா இரண்டும் வரும். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் குறைந்த வாடகைக்கு வீடு காட்டினால் பக்கத்தில் லேத் பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்புத் தெருவுக்குள்ளேயே பட்டறை இருப்பது இந்த ஊர் வழக்கம். பீளமேடு, சிங்காநல்லூர், வடகோவையில் ரயில் பாதையை ஒட்டிய அறையும் வேண்டாம். ரயில்வே கேட் வருவதற்கு முன்னால் ரயில் ஓட்டுநர் ஹாரன் அடித்தே ஆக வேண்டும், ராத்திரி 2 மணியானாலும்.

இனி எல்லோரும் கோட்டை விடுகிற இடம்: கல்யாண மண்டபம். விடுதி பின்தெருவில்தான் இருக்கும், படத்தில் பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். நூறடி தள்ளி மண்டபம் இருந்தால் முதல் நாள் சாயந்திரம் வரவேற்பில் மைக் செட், மறுநாள் விடிவதற்கு முன்பே நாதஸ்வரம். இதற்குத் தினசரி காலண்டர்தான் மருந்து. நீங்கள் வரும் தேதிகளில் சுபமுகூர்த்தம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரியும் சேர்த்தே கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் விடிகாலைப் பாட்டு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் அளவு என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. விதியை நம்பி அறை எடுக்க முடியாது.

மேப்பில் விடுதியைச் சுற்றி 300 மீட்டருக்கு மண்டபம், கோயில், டாஸ்மாக், பேக்கரி நான்கையும் தேடிப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் பேக்கரியை விட்டுவிடுவார்கள். இங்கே பேக்கரி என்றால் டீக்கடையும் சேர்ந்தது. விடிகாலையில் திறந்து ராத்திரி வெகுநேரம் பைக்கும் பேச்சுமாக இருக்கும். அடுத்த தெருவில் இருந்தால் வசதி, அறைக்குக் கீழே இருந்தால் தொல்லை.

பிறகு ஆன்லைனில் பதிவு செய்யாமல் முதலில் ரிசப்ஷனுக்கு நேரே போன் போடுங்கள். “அமைதியா இருக்குமா?” என்று கேட்டால் எல்லா இடத்திலும் “ஆமாங்க” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: “ரூம் ரோட்டுப் பக்கமுங்களா, பின்பக்கமுங்களா?” “நீங்க குடுக்கற ரூமுக்கு மேலயோ கீழயோ பார்ட்டி ஹால், ரூஃப் டாப் ஓட்டல் இருக்குதுங்களா?” “ஜெனரேட்டர் எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க?” “அன்னைக்கு உங்க ஹால்ல விசேஷம் புக் ஆயிருக்குதுங்களா?” பதில் திருப்தியானால் பின்பக்கம், இரண்டாவது அல்லது மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு ஒட்டாத அறை என்று கேட்டு, அறை எண்ணையே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்குமா என்பதும் உங்களுக்கு முக்கியம். சில பழைய கட்டடங்களில் அரை மாடி படி ஏற வேண்டியிருக்கும்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் ஏசி, ஃபேன் இரண்டையும் அணைத்து இரண்டு நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். பாத்ரூம் வென்டிலேட்டர் டக்டுக்குள் (கட்டடத்தில் குழாய்கள் மேலும் கீழும் போகும் இடுக்கு) திறந்தால் கீழே இருக்கும் சமையலறைப் பாத்திரச் சத்தம் வரைக்கும் மேலே வரும். நகரும் அலுமினிய ஜன்னல் சரியாக மூடாமல் இடைவெளி இருந்தாலும் அப்படித்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் காலத்தில் தகரக் கூரை போட்ட மேல்மாடிக்குக் கீழே அறை வேண்டவே வேண்டாம், ராத்திரி முழுக்கத் தகரம் படபடக்கும். பிடிக்கவில்லை என்றால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். படுக்கையில் உட்கார்ந்துவிட்டால் மாற்றித் தரச் சுணங்குவார்கள்.