பி.டி. மேடம் பதில்கள்: ஆறாவது கோர்ட்டு

கேள்வி: மேடம், எம்பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா, டென்னிஸ்ல டிஸ்ட்ரிக்ட் லெவல் ஆடுறா. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுன்னு ஒரு காலேஜ்ல ஒரே லேடி கோச் பத்து தடவ சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்துருக்காங்களாம், யூடியூப்ல பாத்துட்டு நானும் காலேஜ் கோச்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. காலேஜ் கோச்னா விசில் ஊதுற வேலைதானே, அதுல என்ன பெரிய கெரியர் இருக்கு?
வாசகி, திருமங்கலம்

பதில்: விசில் ஊதுற வேலைன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்களேம்மா, இருபத்தேழு வருஷம் மதுரையில ஒரு பொம்பளப்புள்ளைக காலேஜ்ல ஊதுனவ நான், வலிக்குதுல்ல. சரி விடுங்க.

உங்க பொண்ணு பாத்தது லேலே ஃபோரூட். அவங்க அதே ஸ்டான்ஃபோர்டுல படிச்சு, டீம்ல ஆடி, அப்புறம் புரொஃபஷனலா ஊர் ஊரா சுத்தி ஆடிட்டு, திரும்பி அதே காலேஜுக்கு அசிஸ்டெண்டா வந்தவங்க. அப்ப ஹெட் கோச் ஃப்ராங்க் பிரென்னன். அவரும் லேசுப்பட்ட ஆளில்ல, 1982ல பொண்ணுங்களுக்குன்னு என்சிஏஏ (அமெரிக்காவுல காலேஜ் வெளாட்ட நடத்துற அமைப்பு) டீம் சாம்பியன்ஷிப் ஆரம்பிச்ச மொத வருஷமே கப்ப தூக்குன டீம் அவரோடது, 1986ல இருந்து 1991 வரைக்கும் வரிசையா ஆறு வருஷம் கப்ப வேற யாரையும் தொடவே விடல. 2000த்துல அவரு பத்து கப்போட ஒதுங்க, இந்தம்மா அந்த இடத்துக்கு வந்தாங்க, வந்த மொத சீசன் 2001லயே கப்பு. 2019 வரும்போது இவங்களுக்கும் பத்து ஆயிருச்சு. ரெண்டே கோச்சு, இருபது கப்பு. நடுவுல 2006க்கப்பறம் மூணு வருஷம் ஒண்ணுமே கெடைக்கல, அதுக்காக யாரும் அவங்கள வீட்டுக்கு அனுப்பல, 2010ல மறுபடி ஜெயிச்சாங்க. நம்ம பக்கம் மூணு வருஷம் கப்பு இல்லன்னா கோர்ட்ட மூடி கார் நிப்பாட்டிருவாங்க. எங்க காலேஜ்ல அதான் நடந்துச்சு, இப்பவும் அந்தப் பக்கமா பஸ்ல போனா மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

ஆனா எனக்கு அந்தம்மா கப்ப விட அங்க உள்ள ஆட்ட முறைதான் பொறாமையா இருக்கும். காலேஜுக்கு காலேஜ் மோதும்போது மொத்தம் ஏழு பாயிண்ட்டு. மூணு டபுள்ஸ் ஆடுவாங்க, அதுல ரெண்டு ஜெயிச்சா மொத்தமா ஒரே ஒரு பாயிண்ட்டுதான், அப்புறம் ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயிண்ட்டு, எவங்க நாலு எடுக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இதுல பாருங்க, ஒண்ணாம் நம்பர் ஆடுற ஸ்டார் பொண்ணு ஜெயிச்சாலும் ஒரு பாயிண்ட்டு, ஆறாவது கோர்ட்டுல யாருக்கும் பேர் தெரியாத ஒரு பொண்ணு ஜெயிச்சாலும் அதே ஒரு பாயிண்ட்டுதான். அதனால கோச்சு ஒரு ஸ்டார வச்சு பொழப்ப ஓட்ட முடியாது, ஆறு பேரையும் தேத்தியாகணும், அதுல எவளாவது கணுக்கால் சுளுக்கி உக்காந்துட்டா ஏழாவதா ஒருத்தி ரெடியா நிக்கணும். இன்னொண்ணு, அங்க மேட்ச் நடக்கும்போதே கோச்சு கோர்ட்டுக்குள்ள போயி பொண்ணுகிட்ட பேசலாம் (ஆம்பளைங்க புரொஃபஷனல் டென்னிஸ்ல கேலரில இருந்து ஒரு வார்த்த சொல்றதுக்கே 2022 வரைக்கும் பெருசா தடை இருந்துச்சு). ஆறு கோர்ட்டுலயும் ஒரே நேரத்துல ஆட்டம் ஓடும், கோச்சு அசிஸ்டெண்ட்டு எல்லாம் சேத்தா ரெண்டு மூணு பேருதான், இப்ப எந்த கோர்ட்டுல போயி உக்காரணும், தோத்துக்கிட்டு இருக்கறவ பக்கத்துலயா, ஜெயிக்கப்போற நேரத்துல கை நடுங்குறவ பக்கத்துலயா? கோச்சோட மூளையே அதுலதாம்மா இருக்கு. 2016ல ஸ்டான்ஃபோர்டு பதினஞ்சாவது சீடா (போட்டிக்கு முன்னாடி போடுற தர வரிசைல பதினஞ்சாவது எடம்) உள்ள வந்து, ஃபைனல்ல ஓக்லஹோமா ஸ்டேட்ட 4-3ன்னு அடிச்சு கப்பு வாங்குனாங்க. 4-3ன்னா புரியுதுல்ல, எந்த கோர்ட்டுல ஒண்ணு கை விட்டுப் போயிருந்தாலும் கப்பு போயிருக்கும்.

நான் இருந்தப்ப இங்க இன்டர் காலேஜ்ல ரெண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ், அம்புட்டுத்தான். நல்லா ஆடுற ரெண்டு புள்ளைக இருந்தாப் போதும், மூணாவது நாலாவது புள்ள தண்ணி கேன் தூக்க, துண்டு எடுத்துக் குடுக்க. எங்கிட்டயும் அப்படி ஒருத்தி இருந்தா, மேலூர் பக்கத்துல இருந்து காலையில மொத பஸ்ஸப் புடிச்சு வருவா. மண் கோர்ட்டுக்கு தண்ணி தெளிச்சு, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு, பேட்டு கைப்பிடில கிரிப் கிழிஞ்ச எடத்துல சைக்கிள் டியூப்ப வெட்டிச் சுத்திக்கிட்டு நிப்பா. மூணு வருஷம் டீம்ல இருந்தா, முழுசா ஒரு மேட்ச்சு நான் அவள ஆடவிடல. ஆனா திண்டுக்கல்ல ஒரு செமி ஃபைனல்ல, எங்க மொதப் பொண்ணு செட்ட விட்டுட்டு முழிக்கும்போது இவ பெஞ்சுல இருந்து எங்காதுல சொல்றா, "மேடம், அந்தப் புள்ள பேக்ஹேண்டுக்குப் போட்டா பந்த வெட்டி ஸ்லைஸ் மட்டுந்தான் பண்ணுது, நம்ம புள்ளய நெட்டுகிட்ட ஏறி வரச் சொல்லுங்க." சொன்னோம், ஜெயிச்சோம், பேப்பர்ல போட்டோ வந்துச்சு, போட்டோல அவ இல்ல. அமெரிக்காவா இருந்தா அவ அஞ்சாவது கோர்ட்டுலயோ ஆறாவது கோர்ட்டுலயோ ஆடிட்டு, படிப்பு முடிஞ்சதும் அங்கயே அசிஸ்டெண்ட் கோச்சா உக்காந்துருப்பா. எனக்கு அது ரிட்டயர் ஆனப்பறம்தான் உறைச்சுச்சு.

காசு விஷயமும் சொல்லிர்றேன். அங்க 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு, காலேஜ்ல ஆம்பளப் புள்ளைகளுக்குக் குடுக்குற வாய்ப்ப பொம்பளப் புள்ளைகளுக்கும் குடுக்கணும்னு. ஆம்பளைங்க ஃபுட்பால் டீமுக்கு மட்டுமே 85 ஸ்காலர்ஷிப் போயிரும், அதச் சரிக்கட்ட பொண்ணுங்க பக்கம் மத்த வெளாட்டுல கூடக் குடுத்தாங்க, அதான் பெரிய காலேஜ்கள்ல ரொம்ப வருஷமா பொண்ணுங்க டென்னிஸ் டீமுக்கு 8 முழு ஸ்காலர்ஷிப்பு, ஆம்பளைங்களுக்கு நாலரைதான் (இப்ப அந்தக் கணக்கெல்லாம் மாறிருச்சு). அதனால கோச்சுக்கு பாதி வேலை கோர்ட்டுல, மீதிப் பாதி புள்ளை புடிக்கிறது, உலகம் பூரா ஜூனியர் டோர்னமெண்டா அலைஞ்சு, அப்பா அம்மாகிட்ட பேசி, மார்க் ஷீட்டப் பாத்து. உங்க பொண்ணுக்கு பேச்சுத் தெறம இருக்கான்னு பாருங்க.

கேள்வி: காலேஜ் பி.டி. ஆக என்.ஐ.எஸ். படிச்சாப் போதுமா?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: போதாது தம்பி. பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ கோச் வேலைக்கு. காலேஜ் உடற்கல்வி இயக்குநருக்கு எம்.பி.எட். (உடற்கல்வி மேல்படிப்பு) முடிச்சு, நெட்டோ செட்டோ (காலேஜ் வேலைக்கான தகுதித் தேர்வு) பாஸ் பண்ணணும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துல எம்.பி.எட். இருக்கு. ஆனா வேலைல சேந்தா டென்னிஸ் மட்டும் பாத்துக்குறேன்னு சொல்ல முடியாது, கோகோ, வாலிபால், ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்டு, விழாவுக்கு சேர் எண்ணுறது வரைக்கும் நீங்கதான்.

கேள்வி: நல்லா ஆடுனவங்கதான் நல்ல கோச்சா வருவாங்களா?
வாசகி, ஆனையூர்

பதில்: அப்படி ஒண்ணும் கெடையாது. நல்லா ஆடுனவங்களுக்கு, வராத புள்ளைக்கு ஏன் வரலன்னே புரியாது. மேல சொன்ன மேலூர்ப் புள்ளக்கி அது புரிஞ்சுச்சு.

கேள்வி: வெயில்ல ஆடி பொண்ணு கருத்துட்டா மாப்பிள்ள கெடைக்காதுன்னு மாமியார் பேட்ட எடுத்து பரண் மேல போட்டுட்டாங்க. என்ன பண்ண?
வாசகி, வில்லாபுரம்

பதில்: கோயம்புத்தூர்ல பொறந்த நிருபமா வைத்தியநாதன் 1998ல ஆஸ்திரேலியன் ஓப்பன்ல ஒரு ரவுண்டு ஜெயிச்சுச்சு, 1968ல கிராண்ட்ஸ்லாம்ல புரொஃபஷனல்களையும் ஆட விட்டப்பறம், மெயின் டிராவுல (தகுதிச் சுத்து தாண்டுன மெயின் போட்டி) இந்தியப் பொண்ணு ஒருத்தி சிங்கிள்ஸ் ஜெயிச்சது அப்பத்தான் மொத தடவ. இப்ப அதே கோயம்புத்தூர் மாயா ராஜேஷ்வரன் ஸ்பெயினுக்குப் போயி நடால் அகாடமில ஆடுது. இதெல்லாம் மாமியாருக்கு ஏறாதுன்னு எனக்கும் தெரியும். அவங்க மத்தியானம் தூங்குறப்ப ஸ்டூலப் போட்டு பேட்ட எடுத்துருங்க, பரண் சூட்டுல ஸ்ட்ரிங் கெட்டுப் போயிரும்.