ஜாஸ் பெட்டி வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இசை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். சினிமாப் பாட்டுக் கேள்விகள்தான் வரும் என்று நினைத்தால், காரைக்குடிப் பக்கத்திலிருந்து மட்டும் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசை பற்றி இத்தனை கடிதங்கள். ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. பெரிய கலைஞர்களின் ஆல்பங்களை மொத்தமாக ஒரே பெட்டியில் போட்டுக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். பத்து சி.டி., இருபது சி.டி. என்று வருகிறது. அதில் ஒன்றை வாங்கிவிட்டால் போதுமா அண்ணே?
(வாசகர், காரைக்குடி)

விலை குறைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது தம்பி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான காப்புரிமை ரொம்ப நாள் 50 வருஷம்தான். 2013ல் அதை 70 ஆக நீட்டினார்கள். ஆனால் அதற்குள் காலம் முடிந்துபோனவற்றுக்குப் பழைய உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் 1962 வரை வெளியான ஜாஸ் ஆல்பங்களை அங்கே யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். ஜாஸின் பொற்காலம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. எட்டு ஆல்பத்தை நாலு சி.டி.யில் அடைத்துத் தருகிறவர்கள் இப்படித்தான் தருகிறார்கள். மூல டேப் அவர்களிடம் இருக்காது, வேறு யாரோ போட்ட சி.டி.யிலிருந்தோ தட்டிலிருந்தோ எடுத்திருப்பார்கள். யார் வாசித்தது, எந்தத் தேதியில் என்ற விவரம்கூடப் பல பெட்டிகளில் கிடையாது.

கேட்டுப் பழக அது போதும், தப்பில்லை. ஆனால் சேர்க்கிறேன் என்று இறங்கினால் என் அபிப்பிராயம் வேறு. ஒரு கலைஞரின் வாழ்நாள் முழுவதையும் அடைத்த பெட்டியைவிட, ஒரே ஒரு இரவையோ ஒரே ஒரு வாரத்தையோ முழுசாகத் தருகிற பெட்டிதான் வாங்கத் தகுந்தது. மீதிக்குத் தனித்தனி ஆல்பமாக நல்ல மறுபதிப்பு வாங்கிக்கொள்ளலாம்.

உதாரணம் சொல்கிறேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்கிற நிலவறை கிளப். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ் (ஆள் உயர வயலின் மாதிரி, கீழ்ச்சுருதியில் ஒலிக்கிற தந்தி வாத்தியம்), பால் மோஷன் டிரம்ஸ். மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை ஐந்து முறை மேடை ஏறினார்கள். அதிலிருந்து பொறுக்கி எடுத்து இரண்டு ஆல்பம் வந்தது, இரண்டுமே அருமை. 2005ல் வந்த மூன்று சி.டி. பெட்டியில்தான் அன்றைக்கு வாசித்தது எல்லாம் வாசித்த வரிசையிலேயே இருக்கிறது. முதல் பாட்டிலேயே நடுவில் கரண்ட் போய் ஒலி அறுந்து திரும்ப வருகிறது. கண்ணாடி டம்ளர் சத்தம், யாரோ பேசுகிற சத்தம், அரைகுறைக் கைத்தட்டல் எல்லாம் கேட்கும். பியானோவும் பாஸும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பதினோரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார், வயது 25தான். அந்த நாளை இந்த அளவுக்கு உங்கள் கையில் கொடுக்கிற வேறு வழி கிடையாது. பெட்டி என்றால் இதற்காகத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1965 டிசம்பர் 22, 23, சிகாகோவில் பிளக்டு நிக்கல் என்ற கிளப்பில் இரண்டு இரவு வாசித்ததை 1995ல் எட்டு சி.டி.யாகப் போட்டார்கள். வேய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் சேர்ந்த குழு. தெரிந்த பழைய பாட்டுகளைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரித்துப் போட்டு வேறு மாதிரி கட்டுகிறார்கள். இதை முதலில் வாங்காதீர்கள், புரியாமல் வெறுத்துவிடும். அந்தக் குழுவின் ஸ்டுடியோ ஆல்பங்களை ஒரு வருஷம் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.

எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கிராமபோன் பெட்டி வளவு வீட்டில் இன்னும் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. பேரன் புதுசாக ஒரு ஜாஸ் தட்டு வாங்கி வந்திருக்கிறான். அதை இதில் போட்டுப் பார்க்கலாமா?
(ஓர் ஆச்சி, தேவகோட்டை)

வேண்டாம் ஆச்சி, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். உங்கள் ஐயா காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, நிமிஷத்துக்கு 78 சுற்று. பேரன் வாங்கியது வினைல், 33 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. கிராமபோனின் இரும்பு ஊசியும் அதைத் தாங்குகிற தலைப்பாகமும் சேர்ந்து நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். இப்போதைய பிளேயர்களில் ஊசி அழுத்துவது இரண்டு கிராம் அளவுதான். ஒரே தடவையில் வினைலின் வரி உழுதுபோய்விடும், அப்புறம் எதில் போட்டாலும் கரகரதான்.

ஐயாவின் தட்டுகளைத் துடைக்கும்போது ஒன்று கவனியுங்கள். ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த திரவமோ வேண்டவே வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர், மெல்லிய துணி போதும், நடுவில் ஒட்டியிருக்கிற லேபிள் நனையக் கூடாது. கிராமபோனில் போடுவதானால் பக்கத்துக்கு ஒரு புது ஊசி. புது பிளேயரில் கேட்க ஆசைப்பட்டால் 78 வேகம் இருக்கிற பிளேயரும் அந்தத் தட்டுக்கென்றே வருகிற தடித்த ஊசியும் வேண்டும், பேரனுடையது மாதிரி வினைல் தட்டுக்கான எல்.பி. ஊசி அந்த வரிக்குள் சரியாக உட்காராது.

நம் பக்கத்துக்கு இசைத்தட்டு புதுசு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் சினிமா எடுப்பதற்கு முன் இசைத்தட்டு வியாபாரத்தில்தான் இருந்தார். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகள் வந்தன. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் எந்தக் கம்பெனித் தட்டு இருக்கிறது என்று பேரனை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவனுக்கு ஜாஸ் பிடித்திருக்கிறது என்றால் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1925லிருந்து 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு பதிந்ததைக் கேட்கச் சொல்லுங்கள். அவையும் 78 சுற்றுத் தட்டாக வந்தவைதான். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், அதற்குள் ஒரு உலகத்தையே காட்டிவிடுவார். இப்போது நாலு சி.டி. பெட்டியாக இருக்கிறது.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ எத்தனை விதமாகத்தான் வருகிறது! எல்லாம் ஒன்றுதானே?
(வாசகர், பள்ளத்தூர்)

ஒன்று இல்லை, இதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22, இரண்டே நாளில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் 30வது தெரு ஸ்டுடியோவில் பதிந்த ஆல்பம். மார்ச் 2 அன்று பதிவு செய்த இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும் இல்லையா? அப்படியே தட்டாக வந்துவிட்டது. முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் சுருதி ஒரு துளி கூடித்தான் உலகம் முழுக்க ஒலித்தன. கூடவே வாசித்துப் பழகிய எத்தனையோ பேர் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்! பக்கத்தில் இன்னொரு இயந்திரத்திலும் பதிந்திருந்தார்கள், அந்த டேப் சரியான வேகம். அதை வைத்து 1992ல்தான் திருத்தினார்கள், 1997 மறுபதிப்புக்குப் பின் திருத்திய வடிவம் எங்கும் பரவியது.

ஆகவே வாங்கும்போது அட்டையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், 1997க்குப் பிந்தைய மாஸ்டரா, அதாவது தட்டோ சி.டி.யோ போடுவதற்காகத் தயாரித்த மூலப் பிரதி அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். ஒரு சாதாரண சி.டி. போதும். அதில் ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ பாட்டின் இன்னொரு டேக், அதாவது அதே பாட்டை இன்னொரு தடவை வாசித்துப் பதிந்தது, கடைசியில் இருக்கும். பெரிய ஆண்டுவிழாப் பெட்டி அவசியமில்லை.

வினைல்தான் வேண்டும் என்றால் யார் மாஸ்டர் செய்தது, எந்த டேப்பிலிருந்து என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ப்ளூ நோட் கம்பெனி 2019லிருந்து டோன் பொயட் என்ற வரிசையில் பழைய ஆல்பங்களை மூல அனலாக் டேப்பிலிருந்து கெவின் கிரே என்பவரை வைத்துத் தட்டாக வெட்டித் தருகிறது. அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஸ்டுடியோ வைத்துப் பதிந்த அந்த 1950களின் ஒலி அவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும். இதைத் தாராளமாக வாங்கலாம்.

ஒரே பாட்டை நாலு தடவை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பாதியில் நின்றுபோனதைக்கூட விடவில்லை. இதை எப்படிக் கேட்பது?
(வாசகி, கோட்டையூர்)

அடுத்தடுத்துக் கேட்கவே கூடாது! பெட்டி போடுகிறவர்கள் ஆவணமாக நினைத்துப் பதிவு வரிசையில் அடுக்குகிறார்கள், நாம் கேட்கிறவர்கள். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சவாய், டயல் கம்பெனிகளுக்கு 1944 முதல் 1948 வரை ஸ்டுடியோவில் பதிந்ததை எட்டு சி.டி. பெட்டியாகப் போட்டிருக்கிறார்கள். நான் செய்வது இதுதான். முதலில் வெளியான டேக்குகளை மட்டும் ஒரு வரிசையாக்கிப் பல வாரம் கேட்பேன், தனி ஆவர்த்தனம் மாதிரி ஒவ்வொரு சோலோவும் மனசில் பாடமாகிற வரை. அதற்கப்புறம் ஒரு நாள் ஒரே ஒரு பாட்டின் மற்ற டேக்குகளை எடுப்பேன். அப்போதுதான் தெரியும், அந்த மனிதர் எதையும் ஒப்பித்ததில்லை, அதே இடத்தில் வேறு வழி பிடித்துப் போயிருக்கிறார் என்று. ஒரே ஆலாபனையை இரண்டு கச்சேரியில் கேட்டு வித்தியாசம் சொல்கிற ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. வாரத்துக்கு ஒரு அமர்வு, அதாவது அவர் ஒரு தடவை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதிந்தது போதும், கூடவே வருகிற புத்தகத்தில் அந்த அமர்வின் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. தட்டு, பெட்டி எல்லாம் அங்கே அடுக்கலாமா? கோடையில் நம் ஊர் சூடு தெரியுமே.
(வாசகர், கானாடுகாத்தான்)

நம் பழைய வீடுகளின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் நமக்குப் பெரிய உதவி. மாடியறை, தகரம் போட்ட இடம், மேற்கு வெயில் விழுகிற ஜன்னல் மட்டும் கூடாது. பூட்டிய காரில் மத்தியானம் தட்டை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள், வளைந்துவிடும். தட்டுகளை நிமிர்த்தி நிறுத்த வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது கெடும். பர்மா தேக்கு அலமாரி இருந்தால் நல்லது, ஆனால் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும், பெட்டியின் அட்டை அதற்கு விருந்து. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறை என்றால் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது திறந்து காற்றாட விடுங்கள்.

அப்புறம், 80, 90களில் வந்த சில சி.டி. பெட்டிகளில் தட்டு ஆடாமல் இருக்க ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். காலம் போகப் போக அது பிசுபிசுத்து சி.டி.யில் ஒட்டி அதையும் கெடுக்கும். இன்றைக்கே திறந்து பார்த்து, இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளையும் கழற்றுங்கள், இறுகி உள்ளே இருக்கிற தட்டை வளைக்கும்.

மொசைக் என்று ஜாஸ் பெட்டி போடுகிற கம்பெனியின் பெட்டிகளை வாங்கி வைத்தால் விலை ஏறுமாமே?
(வாசகர், புதுவயல்)

சிலது ஏறுகிறது, ஏனென்றால் 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கிய காலத்திலிருந்து எண் போட்டுக் குறைந்த பிரதிகள்தான் போடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் விலைக்காக வாங்குகிறவர் பிரிக்க மாட்டார், பிரிக்காத பெட்டி இசை இல்லை. உங்களுக்கு வேண்டாம்.

ஆத்தங்குடியில் பூக்கல் வேலை செய்கிறேன். திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். ஜாஸில் எங்கே தொடங்கினால் மனசு ஒட்டும்?
(வாசகர், ஆத்தங்குடி)

இந்தக் கடிதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் அதே வில்லேஜ் வான்கார்டில் நாலு இரவு பதிந்ததை நாலு சி.டி. பெட்டியாக 1997ல் வெளியிட்டார்கள். அதில் ‘இந்தியா’ என்று ஒரு பாட்டு. இரண்டு பாஸ் கீழே சுருதி பிடித்து நிற்க, கோல்ட்ரேன் சோப்ரானோ சாக்ஸபோனில் ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுவார், எரிக் டால்பி பாஸ் கிளாரினெட்டில் பதில் சொல்வார். வெவ்வேறு இரவுகளில் வாசித்தது எல்லாம் பெட்டியில் இருக்கிறது. மல்லாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. பெட்டி விலை அதிகம் என்றால் ஃபோனில் அந்த ஒரு பாட்டை மட்டும் தேடிக் கேளுங்கள், பிடித்தால் வாங்குங்கள்.

அடுத்து கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’, 2008ல் வந்தது. கர்நாடக சாக்ஸபோனும் ஜாஸ் சாக்ஸபோனும் நேருக்கு நேர். லயத்தில் உங்களுக்கு ஆசை அதிகம் என்றால் நம் மிருதங்க வித்வான் காரைக்குடி மணி அவர்கள் ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்த ‘இன்டு தி ஃபயர்’ இருக்கிறது. பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை, கண்ட நடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கலாம், முதல் நாளே பிடித்துவிடும். கேட்டுவிட்டு எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று கட்டாயம் எழுதுங்கள், அடுத்து என்ன கேட்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.